நீலக் கல்நாரும் நீடித்த மௌனமும்

கல்நார் என்பது தமிழில் நன்கு அமைந்த சொற்களுள் ஒன்று. கல்லாய்க் கிடந்து நாராய்ப் பிரியும் பொருளின் இயல்பு முழுவதும் அச்சொல்லினுள் அடங்கியிருக்கின்றது. அணைக்க இயலாதது என்னும் பொருள்படக் கிரேக்க மொழியில் வழங்கிய பெயரே அஸ்பெஸ்ரஸ் என நம்மவர் வீட்டுக் கூரை வரை வந்து சேர்ந்துள்ளது. இந்நார் தீயில் எரியாது; எளிதில் உக்கிப் போகவும் மாட்டாது. நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், சீமெந்தோடு குழைத்துத் தகடாக வார்க்கலாம். நீராவி இயந்திரங்கள் பெருகிய காலத்திலே கொதிகலன்களுக்குப் போர்வையாகவும், பின்னர்க் கப்பல்களுக்கும் மோட்டார் வண்டிகளின் தடுப்புக் கட்டைகளுக்கும் இதனை மேனாட்டார் விரும்பி வாங்கினர். பூவோடு சேர்ந்த நாருக்கு மணம் உண்டென்பர் நம் முன்னோர். இந்த நாரோடு சேர்ந்த மாந்தர் பெற்றது யாது என்பதனையே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

விழா மலரிலே நோயும் சாவும் எதற்கு என வினவுவோர் இருக்கக்கூடும். கல்லூரியின் பழம்பெருமையும் அதிபர்களின் அருந்தொண்டும் எழுதுதற்குப் பலர் உளர். அவற்றை அவர்கள் செவ்வனே எழுதுவர். இம்மலரைக் கையில் எடுப்போருள் வைத்தியரும், பொறியியலாளரும், திணைக்களத் தலைவரும், கொம்பனிக் கணக்காளரும் பலர். பொதுமக்களுக்குத் தீங்கு வரப்போகிறது என்று எச்சரிக்கும் கடிதம் ஒன்று எழுதப்படுமாயின், அது வந்து சேரும் மேசை பெரும்பாலும் இத்தகையோரின் மேசையே. கல்நாரின் கதையைக் கூலியாட்களின் அறியாமைக் கதை எனப் பலர் எண்ணியிருக்கின்றனர். எமக்கோ அது கற்றோரின் மேசையில் உறங்கிய கடிதங்களின் கதையாகவே தோன்றுகின்றது.

இப்பொருளின் தீமை அண்மையில் வெளிப்பட்டதன்று. இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே கல்நார் ஆலையில் உழைத்து இறந்த இளம் பெண் ஒருத்தியின் நுரையீரலைச் சோதித்த வைத்தியர் ஒருவர், அதில் நிறைந்திருந்த கல்நார்த் தூளையும் தழும்பையும் பற்றி 1924இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். 1930இல் பிரித்தானியத் தொழிற்சாலைப் பரிசோதகர் இருவர் ஆலைத் தொழிலாளரை ஆராய்ந்து, தூசி மிகுமளவுக்கும் வேலை செய்த ஆண்டுகள் மிகுமளவுக்கும் நோயும் மிகுகின்றது என அறிக்கை வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே தூசியைக் கட்டுப்படுத்தச் சட்ட விதிகள் பிறந்தன. இந்த ஆண்டுகளை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும். இனி யாம் கூறப்போகும் சுரங்கத்தைப் பெருங் கொம்பனி ஒன்று கையேற்றது இவ்விதிகள் பிறந்து 12 ஆண்டுகள் கழிந்த பின்னரேயாம்.

மேற்கு அவுஸ்திரேலியாவிலே, பேர்த் நகருக்கு வடக்கே ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், பில்பரா என்னும் செம்மண் வறள் நிலத்தில் ஹமர்ஸ்லி மலைத்தொடர் கிடக்கின்றது. அதன் பள்ளத்தாக்குகளில் ஒன்றுக்கு விற்றனூம் என்று பெயர். நீலக் கல்நார் ஆங்குப் பாறைகளினிடையே மெல்லிய படைகளாக ஓடுகின்றது. பிற்காலத்தில் இரும்புக் கனியத்தாற் பெருஞ் செல்வரான லாங் ஹான்கொக் என்பார் 1930களில் அதனை அகழத் தொடங்கினார். 1943இல் சீனி ஆலைகளாற் புகழ்பெற்ற சி.எஸ்.ஆர். கொம்பனி தனது கிளைக் கொம்பனி ஒன்றின் மூலம் அச்சுரங்கத்தை ஏற்றது. அது முதல் 1966இல் மூடப்படும் வரையில் ஏறத்தாழ 7,000 பேர் அங்கு வேலை செய்து சென்றனர். போருக்குப் பின் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய இத்தாலியரும் பிற ஐரோப்பியரும் அவர்களுட் பலர். ஆங்கில மொழியே சரிவர அறியாத அவர்கள், நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத சுரங்க வழிகளிற் குனிந்து நின்று பாறையை உடைத்தனர். உடைத்த கல்லை ஆலையில் நொறுக்கி நாரைப் பிரித்தனர். ஆலையே சுரங்கத்தினும் கொடிது. அங்கே தூசி மூடுபனிபோல் நின்றது. பிரித்த நாரைச் சணற் சாக்குகளிற் கட்டி லொறிகளில் ஏற்றிக் கடற்கரைக்கு அனுப்பினர். சணற் சாக்கு எதனைத்தான் தடுக்கும்? அம்மூடைகளை ஏற்றியும் இறக்கியும் உழைத்தவருள் அந்நிலத்தின் ஆதிக்குடிகளும் இருந்தனர். அவர்களிடையே இந்நோயால் நேர்ந்த சாவு வீதம் மிக உயர்ந்தது எனப் பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் காட்டின.

1948ஆம் ஆண்டிலே, அப்பகுதிக்குப் பொறுப்பான எரிக் செயின்ற் என்னும் வைத்தியர் விற்றனூமுக்குச் சென்றார். தூசியைக் கண்டார், தாம் கற்றதை நினைந்தார். பேர்த் நகரிலிருந்த சுகாதாரத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். இச்சுரங்கம் இன்னும் சிறிது காலத்தில், உலக மருத்துவ நூல்கள் அதுவரை கண்டிராத அளவில், கல்நார் நோயாளரை விளைவித்துத் தரும் என்பதே அதன் சாரம். இதனினும் தெளிவாக ஒருவர் எழுத இயலாது. 1950களின் பிற்பகுதி முதல் ஜிம் மக்நல்ற்றி என்னும் அரசாங்க வைத்தியரும் சுரங்கத்தாரைப் பலமுறை எச்சரித்தார். 1962இல் அச்சுரங்கத்தோடு தொடர்புடைய கொடிய புற்றுநோய் ஒன்றினை மருத்துவ இதழிலும் வெளியிட்டார். செயின்றின் கடிதத்தின் பின்னர் அச்சுரங்கம் 18 ஆண்டுகள் இயங்கிற்று. இறுதியில் அது மூடப்பட்டதும் நோய்க்கு அஞ்சியன்று; வரவினும் செலவு மிகுந்தமையாலேயாம்.

எரிக் செயின்றை யாம் குறை கூறமாட்டோம். அவர் எழுதவேண்டிய இடத்துக்கு எழுதினார். ஆயினும் ஒன்று எம் உள்ளத்தை உறுத்துகின்றது. அக்கடிதம் மேலிருந்தோருக்குச் சென்றதேயன்றிக் கீழே நின்று கல்லுடைத்தவனுக்கு அவன் அறிந்த மொழியில் வந்து சேரவில்லை. இத்தாலிய மொழியில் ஒரு தாளில் நாலு வரி எழுதி ஆலையின் வாயிலில் ஒட்டியிருந்தால் எத்தனை பேர் மறுநாளே மூட்டை கட்டியிருப்பர்! தொழிலாளிக்குத் தெரியாது, அவன் தானே விரும்பி வந்தான் என்று வாதிப்போர் அவனுக்கு ஏன் தெரியாமற் போயிற்று என்பதற்கும் விடை கூறல் வேண்டும். மொழி கற்பிப்பதே தொழிலாகக் கொண்ட எமக்கு, அறிவு ஒரு மொழியிலும் ஆபத்து வேறொரு மொழியிலும் இருப்பதனினும் கொடிய ஏற்பாடு பிறிதொன்று தோன்றவில்லை.

இனி, சுரங்கத்தினுட் புகாதவர் நிலையைப் பார்ப்போம். சுரங்கத்தை ஒட்டி ஊர் எழுந்தது. பள்ளிக்கூடமும் கடையும் குதிரைப் பந்தயத் திடலும் விமானத் தளமும் அமைந்தன. பில்பராவின் செம்புழுதி பொல்லாதது. அதனை அடக்க எளிய வழி ஒன்றைக் கண்டனர். நாரைப் பிரித்தபின் எஞ்சிய கழிவு மலைபோற் குவிந்து கிடந்தது. அதனை வாரி வீதிகளிலும் வீட்டு முற்றங்களிலும் பள்ளி விளையாட்டிடத்திலும் பரப்பினர். நீலஞ் சாம்பலான அக்கழிவின்மேற் சிறுவர் மண்வீடு கட்டினர். தவழும் குழந்தை அதனை அள்ளி விளையாடிற்று. தாய்மார் கணவரின் தூசி படிந்த சட்டைகளை உதறித் தோய்த்தனர். சம்பளப் பட்டியலிற் பெயரில்லாத இவர்கள் எல்லாரும் அந்த ஆலையின் தூசியையே சுவாசித்தனர். ஏறத்தாழ 20,000 பேர் வெவ்வேறு காலத்தில் விற்றனூமில் வாழ்ந்தனர் என்பர். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சுரங்கத் தொழிலாளரை மட்டுமன்றி, வேலை செய்யாது ஊரில் மட்டும் வாழ்ந்தோர் ஏறக்குறைய 5,000 பேரையும் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்களுள்ளும், சிறு பிராயத்திலே அங்கு வளர்ந்து பின் வேற்றூர் சென்றோருள்ளும், அப்புற்றுநோய் தோன்றிற்று. விற்றனூமோடு தொடர்புடைய சாவுகள் 2,000க்கு மேற்பட்டன என மதிப்பிடப்படுகின்றது.

இந்நோயின் இயல்பினைச் சிறிது கூறுதல் நன்று. இந்நாரின் இழை ஒன்று தலைமயிரினும் நூறு மடங்குக்கு மேல் மெல்லியது, கண்ணுக்குப் புலனாகாது. மூச்சோடு சென்று நுரையீரலின் அடியில் தங்கும். அந்நியப் பொருளை விழுங்கி அழிப்பதற்கென உடம்பிலே அமைந்த உயிரணுக்கள் இதனை விழுங்க முயன்று, நீளத்தால் இயலாது, தாமே அழிந்துபோகின்றன. அழற்சி மாறாது நிற்க, நுரையீரல் தழும்பேறித் தடித்து, விரிந்து சுருங்கும் தன்மையை இழக்கின்றது. இஃது அஸ்பெஸ்ரோசிஸ் எனப்படும். நுரையீரற் புற்றுநோய் மற்றொன்று; புகை பிடிப்போர்க்கு இவ்விரண்டு தீமையும் கூடி அவ்வாபத்துப் பன்மடங்காகின்றது. மூன்றாவது மெசோதீலியோமா. நுரையீரலைப் போர்த்திருக்கும் மெல்லிய உறையிலோ வயிற்றின் உள்ளுறையிலோ தோன்றும் இப்புற்றுநோய்க்கு ஏறக்குறைய முழுக் காரணமும் கல்நாரேயாம். கண்டறியப்பட்ட பின் பெரும்பாலோர் ஓராண்டளவே உயிர் வாழ்கின்றனர். தூசியைச் சுவாசித்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே 20, 30, சிலருக்கு 40 ஆண்டுகளுக்கு மேலும் கழிகின்றன. இருபது வயதில் இரண்டு ஆண்டு உழைத்துப் பொருள் சேர்த்துச் சென்றவன், பேரப்பிள்ளையைத் தூக்கும் வயதில் மூச்சுத் திணறிப் படுக்கின்றான்.

இந்தக் கால இடைவெளிதான் கொம்பனிகளுக்குப் பெருந் துணையாயிற்று. தீங்கு நேர்ந்து சில ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிடின் உரிமை இழக்கப்படும் என்பது காலவரையறைச் சட்டம். நோயோ அந்தச் சில ஆண்டுகள் கழிந்து நெடுநாளின் பின்னரே தலைகாட்டும். நோய் தோன்றுமுன்னே வழக்கு இறந்துவிடும் விந்தையை என்னென்பது! 1983இலேதான் மேற்கு அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் கல்நார் நோயாளருக்கென அவ்விதியைத் திருத்திற்று. 1988இல் அம்மாநில உயர் நீதிமன்றம் முன்னாள் தொழிலாளருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, கிளைக் கொம்பனியின் பின்னே தாய்க் கொம்பனி ஒளிந்துகொள்ள இடமில்லை எனக் காட்டிற்று. சுரங்கம் மூடி அப்போது 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

விற்றனூம் மட்டுமே இத்தகையது எனக் கொள்ளற்க. தென்னாபிரிக்காவின் வட கேப் பகுதியிலும் நீலக் கல்நார் அகழப்பட்டது. பிரிஸ்கா, குருமன் முதலிய இடங்களைச் சூழ்ந்து பெண்களும் பிள்ளைகளும் கூடியிருந்து சிறு சுத்தியலாற் கல்லைத் தட்டி நாரைப் பிரித்தனர்; முதுகிற் குழந்தையுடன் தட்டியவரும் உளர். கிம்பர்லி நகரத்து வைத்தியசாலையில் சயரோகம் எனக் கருதிச் சேர்க்கப்பட்டோருள் மேற்குப் புறத்திலிருந்து வந்த சிலருக்கு மருந்து பலிக்காதது கண்டு வைத்தியர்கள் ஐயுற்றனர். வாக்னர் என்னும் நோயியல் அறிஞரும் அவருடன் இருவரும் ஆராய்ந்து, 1960இல் 33 மெசோதீலியோமா நோயாளரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். இத்துறையில் அதுவே திருப்புமுனை. அந்த 33 பேருள் ஒருவர் நீங்கலாக எல்லாருக்கும் நீலக் கல்நாருடன் தொடர்பு இருந்திருக்கக்கூடும் என அறியப்பட்டது. ஆயின் அவருட் பலர் சுரங்கத்தில் ஒருநாளும் கூலி வாங்கியவரல்லர். கழிவு மேட்டிற் சிறுவராய் விளையாடியோரும், ஊரில் வாழ்ந்ததன்றி வேறொரு குற்றமும் செய்யாதோரும் ஆவர். அங்குச் சுரங்கம் நடத்திய கேப் என்னும் பிரித்தானியக் கொம்பனிமேல் தொழிலாளரும் அயலவரும் இலண்டனில் வழக்குத் தொடுக்கலாம் என 2000ஆம் ஆண்டிலே பிரபுக்கள் சபை தீர்த்தது. 2003இல் ஏறத்தாழ 7,500 பேருக்கு 75 இலட்சம் பவுண் என இணக்கம் ஏற்பட்டது. தலைக்கு ஆயிரம் பவுண்! வழக்கு முடியுமுன் இறந்தோர் அதனையும் கண்டிலர்.

எதிர்த்தரப்பாரின் வாதங்களுள் ஒன்று சிந்திக்கத்தக்கது. நீலக் கல்நார் வேறு, வெண்கல்நார் வேறு என அவர் கூறுவர். மெசோதீலியோமாவைப் பொறுத்தவரையில் நீலமே மிகக் கொடியது என்பது உண்மை. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆயினும் எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகுத்துள்ளது. வெண்கல்நாருக்குப் பேர்போன கனடாவின் கியூபெக் மாகாணத்திலே, அஸ்பெஸ்ரஸ் என்றே பெயர் பெற்றிருந்த ஊரில், 1949இல் ஏறத்தாழ 5,000 தொழிலாளர் நிகழ்த்திய பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் தூசியை ஒழித்தலும் ஒன்று. அன்றே அவர் அதனைக் கேட்டனர் என்பது குறிக்கத்தக்கது. கனடா தன் பாராளுமன்றக் கட்டடங்களிலிருந்து இப்பொருளைச் செலவு செய்து அகற்றிக்கொண்டே ஆசிய நாடுகளுக்கு அதனை விற்றும் வந்தது. பின்னர் 2018இல் முற்றாகத் தடை செய்தது. அவ்வூரவர் 2020இல் தம்மூரின் பெயரையே மாற்றிக்கொண்டனர். பேரை மாற்றுதல் எளிது. நுரையீரலை மாற்றுதல் அவ்வாறன்று.

விற்றனூமுக்கு அவ்வளவு எளிய வழியும் இல்லை. 2007இல் ஊர் என்னும் நிலையையே அது இழந்தது. தேசப்படங்களிலிருந்தும் வழிகாட்டிப் பலகைகளிலிருந்தும் அதன் பெயர் நீக்கப்பட்டது. எஞ்சியோரை வெளியேற்ற 2022இல் தனிச் சட்டம் இயற்றினர். ஏறத்தாழ 30 இலட்சம் தொன் கழிவு பள்ளத்தாக்கிற் கிடக்க, ஒவ்வொரு பெருமழையும் அதனை அரித்து ஓடைகளிற் சேர்த்துக்கொண்டிருந்தது. அடைக்கப்பட்ட நிலம் 46,000 ஹெக்டேயருக்கு மேற்பட்டது. அந்நிலத்துக்கு உரியவரான பஞ்சிமா மக்கள் அதனைத் துப்புரவாக்கித் தருமாறு கேட்டு வருகின்றனர்.

நம் நாட்டிலே கல்நார்ச் சுரங்கம் இல்லை. ஆயினும் கடல் கடந்த சுரங்கத்துக்கும் நம் கூரைக்கும் இடையே உறவு உண்டு. இலங்கையில் வார்க்கப்படும் கூரைத் தகடுகளுக்கு வேண்டிய வெண்கல்நார் பெரும்பாலும் இரசியாவிலிருந்து வந்தது. இலங்கை அரசாங்கம் 2018 முதல் இவ்விறக்குமதியைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தி 2024க்குள் நிறுத்துவதென முடிவு செய்திருந்தது. 2017 டிசெம்பரிலே, தேயிலைப் பொதியொன்றில் வண்டு ஒன்று காணப்பட்டது எனக் கூறி இரசியா நம் தேயிலையைத் தடுத்தது. உடனே இங்கே கல்நார்க் கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது. அம்மாத இறுதியிலேயே தேயிலைத் தடையும் நீங்கிற்று. இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்புவோர் நம்புக. மலையகத்துத் தமிழ்ப் பெண்கள் மழையில் நனைந்து அட்டைக் கடியில் நின்று கொய்த கொழுந்து ஒரு தட்டிலும், ஊரல் மலைத் தொழிலாளரின் மூச்சும் நம்மூர் மேசன்மாரின் மூச்சும் மறு தட்டிலும் வைத்து நிறுக்கப்பட்டன என்றே யாம் கருதுகின்றோம். அந்தத் தராசைப் பிடித்தவர் யாவரும் எழுத்தறிந்தவரே. தோட்டத்துப் பெண்ணையோ, ஏணிமேல் நிற்கும் மேசனையோ எவரும் கேட்டதாக யாம் அறியோம்.

ஏழை மக்களுக்குக் குறைந்த விலையிற் கூரை வேண்டாமா என்பது அடுத்த வினா. வேண்டும்தான். கிடுகுக் கூரை ஆண்டுக்காண்டு வேய்ந்து அலுத்தவருக்குச் சீற்று ஒரு வரப்பிரசாதமாக வந்தது என்பதனை யாம் மறுக்கவில்லை. முழுமையாய் உடையாது கிடக்கும் சீற்றின்கீழ் இருப்போர் உடனே அஞ்சி ஓடவும் வேண்டியதில்லை. நார் சீமெந்திற் பிணிப்புண்டு கிடக்கின்றது. அறுக்கும்போதும், துளையிடும்போதும், கம்பித் தூரிகையாற் பாசி சுரண்டும்போதும், உடைந்த துண்டுகளை ஒழுங்கையிற் பரப்பி வண்டிகள் ஏறிச் செல்லும்போதும் அது விடுபடுகின்றது. மழையும் வெயிலும் பட்டு மேற்பரப்பு உதிர்ந்த பழஞ் சீற்றுக்களும் அத்தகையனவே. பள்ளம் விழுந்த ஒழுங்கைக்குச் சீற்றுத் துண்டுகளைக் கொட்டி நிரப்பும் வழக்கத்தைக் காணும்போதெல்லாம் விற்றனூமின் பள்ளி முற்றமே எம் நினைவுக்கு வருகின்றது.

பழைய மாணவர் சங்கங்கள் விழாக்களை ஒட்டி வகுப்பறைகளும் சைக்கிட் கொட்டில்களும் எழுப்புவது வழக்கம். எம் கருத்து இது. புதுக் கட்டடத்துக்குக் கல்நார்ச் சீற்று வேண்டாம். ஓடோ கல்நார் கலவாத தகடோ கொள்க. பழைய கூரையைக் கழற்றும் நாளில் மாணவரைச் சிரமதானத்துக்கு அழைத்தல் ஆகாது. நீர் தெளித்து நனைத்து, உடையாது கழற்றி, தடித்த பொலித்தீனிற் பொதிந்து, உள்ளூராட்சி மன்றத்தாரைக் கேட்டு ஒப்படைத்தல் வேண்டும். அதற்குத் தக்க முகமூடியின்றி மேசனையும் கூரையில் ஏற்றலாகாது. கைக்குட்டை கட்டுதல் போதாது. சங்கத்திற் பொறியியலாளரும் வைத்தியரும் நிறைய உளர். ஓட்டுக்கும் சீற்றுக்கும் உள்ள விலை வேறுபாட்டையும், கழற்றி அகற்றும் செலவையும் அவர்கள் கணக்கிட்டு அடுத்த பொதுக்கூட்டத்தில் வைப்பார்களாயின், அத்தாளைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் பணியை யாம் ஏற்றுக்கொள்கின்றோம். அதன் ஒரு படி மேசன்மாருக்கும் செல்லல் வேண்டும்.